பழைய காரின் புகை: நிறமா, எண்ணா, வயதா?

பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய கார் ஒன்று புகை தள்ளத் தொடங்கினால், அதன் சொந்தக்காரருக்கு மூன்று திசைகளிலிருந்து மூன்று பதில்கள் வருகின்றன. பட்டறையில் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்: கறுப்பு என்றால் டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில் குடிக்கிறது, வெள்ளை என்றால் ஹெட் கேஸ்கட். புகைச் சோதனை மையத்தில் ஒரு எண்ணைக் காட்டுகிறார்கள். வரம்புக்குள் இருந்தால் சான்று, இல்லாவிட்டால் இல்லை. சட்டமும் கொள்கையும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தைப் பார்த்து, வண்டிக்கு வயதாகிவிட்டது என்கின்றன. மூன்றுக்கும் வரலாறு உண்டு, மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான பதில். எது பழுது என்பது முதலாவது, சட்டம் எவ்வளவு பொறுக்கும் என்பது இரண்டாவது, இந்த வண்டி சாலையில் இருக்கலாமா என்பது மூன்றாவது. ஒன்றின் பதிலை மற்றொன்றுக்குப் பொருத்தும்போதுதான் வீண் செலவும் வீண் தண்டனையும் வருகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். காரைக்கால் போன்ற ஒரு சிறு கடலோரப் பகுதியில் இதைச் சோதித்துப் பார்ப்பது பயன் தரும்.

நிறம் பார்க்கும் முறை

புகையைக் கண்ணால் அளக்கும் முயற்சி காரைவிடப் பழையது. பாரிசில் பேராசிரியராக இருந்த மாக்சிமிலியன் ரிங்கெல்மான், 1888 வாக்கில் தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்காக ஒரு அட்டவணையை உருவாக்கினார். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளை 20, 40, 60, 80 விழுக்காடு பரப்பளவுக்கு இட்டு, தொலைவில் நின்று புகையோடு ஒப்பிட்டு எண் கொடுப்பது அதன் வழி. அதைச் சரியாகப் பயன்படுத்தச் சூரியன் பார்ப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பிற்பாடு வழக்கமானது. அந்த நிபந்தனையிலேயே கண் அளவின் பலவீனம் தெரிந்துவிடுகிறது. ஆயில் புகையின் நுண்துளிகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால்தான் அது நீலமாகத் தெரிகிறது. அதே புகையை வெயிலுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் வெளுப்பாகவோ பழுப்பாகவோ தோன்றலாம். கிழக்கே கடலைப் பார்த்த ஊரில் காலை வெயிலில் ஒரு நிறமும் மாலையில் இன்னொரு நிறமும் சொல்லப்படுவதற்கு மெக்கானிக்கின் அறியாமை காரணமாக இருக்க வேண்டியதில்லை.

நிறத்தின் இலக்கணம் அடிப்படையில் சரியானதே. கறுப்பு, எரியாத கரி: டீசல் வண்டியில் நாசில் தேய்ந்திருக்கலாம், பம்ப் அளவுக்கு மேல் டீசல் தள்ளலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போ குழாய் கசியலாம். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் காரில் சோக் சிக்கிக்கொண்டாலும் மிதவை மட்டம் ஏறினாலும் அதே கறுப்பு வரும். நீலம், எரியும் என்ஜின் ஆயில். வெள்ளைதான் சிக்கல், ஏனென்றால் அதில் மூன்று வேறு பொருள்கள் கலந்து நிற்கின்றன: வெறும் நீராவி, சிலிண்டருக்குள் கசிந்த ரேடியேட்டர் நீர், எரியாத டீசலின் மூட்டம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த சைலன்சரில் அது ஆவியாகத் தெரிவது நல்ல என்ஜினுக்கும் பொதுவான குணம்.

பாடநூல் அடையாளங்கள் பல குளிர்நாட்டு வண்டிகளை வைத்து எழுதப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலை வெள்ளைப் புகையைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது உறைபனி விழும் ஊருக்குப் பொருந்தும். மார்கழியிலும் கடும் குளிர் இல்லாத டெல்டா கடற்கரையில், ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகும் வெள்ளை நிற்கிறது என்றால் சந்தேகப்பட அதிகக் காரணம் உண்டு. கூலண்ட் எரிந்தால் இனிப்பு வாடை வரும் என்பார்கள்; ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழைய வண்டியில் அந்த வாடைக்கு வழியே இல்லை. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போலப் படிந்தால் கேஸ்கட் போய்விட்டது என்பது இன்னொரு அடையாளம். நகரத்துக்குள் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, என்ஜின் முழுதாகச் சூடேறாமலே நிறுத்தப்படும் காரில், கடலோர ஈரக்காற்றால் அதே படிவு கேஸ்கட் நன்றாக இருக்கும்போதும் வரும். நிறமும் வாடையும் படிவும் சாட்சிகள். தீர்ப்பு சொல்லும் தகுதி அவற்றுக்குத் தனித்தனியே கிடையாது.

எண் பார்க்கும் முறை

கண்ணை நம்ப முடியாத இடத்தில் கருவி வந்தது. இந்தியாவில் ஓடும் வண்டிகளின் புகைக்கு 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ம் விதி வரம்பு வைக்கிறது. பாரத் ஸ்டேஜ் என்னும் மாசு வரம்புத் தரங்களில் இரண்டாம் ஸ்டேஜுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை அனுமதி, இரண்டாம், மூன்றாம் ஸ்டேஜ் கார்களுக்கு 0.5 விழுக்காடும் 750 பி.பி.எம்.மும், நான்காம் ஸ்டேஜ் கார்களுக்கு 0.3 விழுக்காடும் 200 பி.பி.எம்.மும். டீசலில் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள்: பழைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, நான்காம் ஸ்டேஜ் முதல் 50. சான்று ஆறு மாதம் செல்லும், நான்காம் ஸ்டேஜ் முதல் ஓராண்டு. சான்று இல்லாவிட்டால் 2019-ன் சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இந்த முறையின் வலிமை, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது. பலவீனங்கள் மூன்று. முதலாவது, சோதனை நின்ற இடத்தில் நடக்கிறது. பெட்ரோல் காரை நியூட்ரலில் ஓடவிட்டு வாயுவை அளக்கிறார்கள். டீசல் காரில் பெடலை முழுவதும் மிதித்துப் புகையின் உச்சத்தைப் படிக்கிறார்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது என்ன வரும் என்பது இதில் தெரியாது. இரண்டாவது, அளக்கப்படாதவை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகளின் எடையும் இந்தச் சோதனையில் இல்லை. பெட்ரோல் காருக்கு ஒளிமறைப்புச் சோதனையும் இல்லை. எனவே வால்வு சீல் போய் நீலமாகப் புகைக்கும் பெட்ரோல் கார் ஒன்று, ஐடிலில் கலவை சரியாக இருந்தால், வாயு அளவில் தேறிவிடக்கூடும். தெருவில் எல்லோரும் மூக்கைப் பொத்தும் வண்டிக்குச் செல்லுபடியாகும் சான்று இருப்பதன் விளக்கம் பல நேரம் இதுதான். எல்லா இடத்திலும் லஞ்சத்தைத் தேட வேண்டியதில்லை. மூன்றாவது, ஏமாற்ற எளிது. ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகிக் கலவையை மெலிதாக்கலாம், டீசல் பம்பின் அளவைக் குறைத்துவிட்டுச் சோதனை முடிந்ததும் பழையபடி கூட்டலாம். டெல்லியின் வாகன மாசு பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வரம்பு மீறிய அளவு பதிவான வண்டிகளுக்கும் சான்று வழங்கப்பட்டதை அது சுட்டியது. தலைநகரில் அப்படி என்றால் மற்ற ஊர்களில் சான்றை முழுமையாக நம்பச் சொல்வது கடினம்.

வயது பார்க்கும் முறை

சோதனை நம்பத்தக்கதாக இல்லாதபோது, எளிதில் ஏமாற்ற முடியாத ஒன்றைப் பிடித்துக்கொள்வது அரசுக்கு இயல்பு. பிறந்த வருடம் அப்படிப்பட்டது. டெல்லித் தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் வழிகாட்டலை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2021 ஆகஸ்டில் வந்த வண்டி உடைப்புக் கொள்கை வேறு வழியில் சென்றது: வயதை நேரடித் தடையாக்காமல், பழைய வண்டியை வைத்திருப்பதைச் செலவாக்கியது. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். இருபது ஆண்டு தாண்டியதற்கு 2025-ல் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

வயதுக்கு ஆதரவான வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. பழைய கார் பழுதடைந்ததால் மட்டும் அழுக்கானதல்ல. நன்றாக இருந்த நாளிலேயே அதற்கு அதிக அனுமதி இருந்தது. டீசல் காரின் துகள் வரம்பு மூன்றாம் ஸ்டேஜில் கிலோமீட்டருக்கு 0.05 கிராம், நான்காவதில் 0.025, 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த ஆறாவதில் 0.0045. அதாவது மிகச் சரியாகப் பராமரிக்கப்பட்ட மூன்றாம் ஸ்டேஜ் டீசல் காரும் இன்றைய காரைவிடப் பத்து மடங்குக்கு மேல் துகள் வெளியிட அனுமதி பெற்ற ஒன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்ததையும் இதோடு வைத்துப் படிக்க வேண்டும்.

எதிர்வாதம் டென்வர் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. டொனால்ட் ஸ்டெட்மனும் கேரி பிஷப்பும் 1980-களின் இறுதியில் சாலையோரத்தில் ஒளிக்கற்றை பாய்ச்சி, ஓடும் கார்களின் புகையை அளக்கும் கருவியை உருவாக்கினர். கார்பன் மோனாக்சைடில் ஏறத்தாழ பாதி, பத்தில் ஒரு பங்கு வண்டிகளிலிருந்து வருகிறது என்பது அவர்களின் அளவீடுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. அந்தப் பத்தில் ஒரு பங்கில் பழையவை அதிகம் என்றாலும், பராமரிப்பில்லாத புதியவையும் இருந்தன. பழையவற்றில் பெரும்பாலானவை அதில் இல்லை. இந்த முடிவை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதிலும் எச்சரிக்கை தேவை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்திய கார்கள் நிறைந்த ஊரில் ஒன்று கெட்டால் வேறுபாடு பெரிதாகத் தெரியும். கன்வெர்ட்டரே இல்லாத பழைய பியட்டும் அம்பாசடரும் கலந்த ஊரில் எல்லாமே ஓரளவு அழுக்கு. வயதா, நிலைமையா என்ற வழக்கில் நீதிமன்றமும் இப்போது நடுவழிக்கு வந்திருக்கிறது: 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லியில் வயதின் பேரில் மட்டும் நடவடிக்கை கூடாது என்ற பாதுகாப்பை நான்காம் ஸ்டேஜும் அதற்கு மேற்பட்டவையுமான வண்டிகளுக்கு மட்டும் என்று வரையறுத்தது.

காரைக்காலில் இந்த மூன்றும்

காரைக்கால், 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த, சுமார் 160 சதுர கிலோமீட்டர்ப் பகுதி. வடக்கே பூவம் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகப்பட்டினம். எரிபொருள் விலையும் வாகன வரியும் அந்த எல்லையில் மாறுகின்றன. புகை வரம்பு மாறுவதில்லை, ஏனென்றால் அது மத்திய விதி. பி.ஒய். 02 எண் கொண்ட வண்டியும் தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டியும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டவை. சனிப்பெயர்ச்சி நாள்களில் இப்பகுதியிலுள்ள திருநள்ளாற்றுக் கோயிலுக்கு வரும் கார்கள் எந்தெந்த மாநிலத்திலிருந்தோ வருகின்றன; எண் பலகையைப் பார்த்து உள்ளூர்ப் புகை, வெளியூர்ப் புகை என்று பிரிக்க வழியில்லை. ஆகவே காரைக்காலுக்கென்று தனி வயது வரம்பு வைப்பதில் நடைமுறைப் பயன் குறைவு. மணிக்கொரு முறை எல்லை கடக்கும் வண்டிகளுக்கு நடுவே அது உள்ளூர்க்காரரை மட்டும் தண்டிக்கும்.

காற்றும் தண்ணீரும் இங்கே நோயறிதலில் தலையிடுகின்றன. உப்புக் காற்றில் சைலன்சர் உள்ளிருந்தும் வெளியிருந்தும் துருப்பிடிக்கிறது. ஓட்டை விழுந்த சைலன்சர் வழியே வெளிக்காற்று புகுந்தால் குழாய் முனையில் வைத்த அளவுகோல் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்; கெட்ட வண்டி தேறிவிடும். கரையோரத்து உவர் நீரை ரேடியேட்டரில் ஊற்றுவதால் உள்ளே உப்புப் படிந்து என்ஜின் சூடாகிறது. சூடேறி ஹெட் வளைந்து கேஸ்கட் போவது அதன் தொடர்ச்சி. வெள்ளைப் புகைக்கு ஹெட் வேலை செய்துவிட்டு அதே நீரைத் திரும்ப ஊற்றினால் அடுத்த கேஸ்கட்டுக்கும் அதே கதிதான்.

பட்டறையில் எந்த வரிசை

நிறத்தைவிட, புகை எப்போது வருகிறது என்பது கூடுதலாகச் சொல்லும். இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் எழுப்பும்போது ஒரு குப்பென்று நீலம் வந்து, பிறகு நின்றுவிட்டால், வால்வு சீல் வழியே ஆயில் இறங்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். பாரம் இழுக்கும்போதும் வேகம் கூட்டும்போதும் விடாமல் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம் போகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை மூச்சுவிடுவது போல் வெளியேறுவது அதை வலுப்படுத்தும். இரண்டுக்கும் இடையே செலவில் பெரிய வித்தியாசம் உண்டு: பல என்ஜின்களில் சீல் மாற்ற ஹெட்டை இறக்கினாலே போதும், சிலவற்றில் அதுவும் வேண்டாம், ரிங் என்றால் என்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். ‘புகை வந்தாலே என்ஜின் வேலை’ என்ற பட்டறைப் பழக்கம் சொந்தக்காரருக்கு இழப்பாவது இந்த இடத்தில்தான்.

சந்தேகத்தை முடிவாக்க மலிவான சோதனை ஒன்று உண்டு. மாருதி 800-ன் மூன்று பிளக்குகளையும் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜைத் துளையில் பொருத்தி என்ஜினைச் சுழற்றுகிறார்கள். இரண்டு சிலிண்டர் 160 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்ட, ஒன்று மட்டும் 100-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுழற்றினால், முள் 140-க்கு ஏறுமானால் ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது. தேய்மானம் ரிங்கில் அல்லது சிலிண்டர் போரில். முள் ஏறவே இல்லை என்றால் கசிவு மேலே, வால்விலோ கேஸ்கட்டிலோ. கழற்றிய பிளக்குகளும் சாட்சி சொல்லும்: காய்ந்த கரி என்றால் கலவை, எண்ணெய்ப் பசை என்றால் ஆயில், தண்ணீர் கழுவியது போன்ற சுத்தம் என்றால் கூலண்ட். இவ்வளவும் அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் என்ஜினை இறக்கச் சொல்வதை ஏற்கத் தேவையில்லை.

சரிசெய்யும் முறைகளிலும் நீண்ட வாக்குவாதம் உண்டு. கெட்டியான ஆயில் ஊற்றுவது, ஆயில் ட்ரீட்மென்ட் டப்பா ஊற்றுவது, ரேடியேட்டர் அடைப்பான் ஊற்றுவது ஒரு தரப்பு. பிரித்துச் சரிசெய்வது மறு தரப்பு. முதல் தரப்பை முழு ஏமாற்று என்று தள்ள முடியாது: தேய்ந்த பழைய என்ஜினில் 20-50 ஆயில் சில காலம் புகையைக் குறைக்கும், கெட்டியாகிப்போன ரப்பர் சீலைச் சில ரசாயனங்கள் கொஞ்சம் இளக்கவும் செய்யும். ஆனால் தேய்ந்த உலோகத்தை எந்த டப்பாவும் திரும்ப வளர்க்காது. ரேடியேட்டர் அடைப்பான், ஏற்கெனவே உப்புப் படிந்த குழாயை முழுதாக மூடிவிடக்கூடும். எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்குவதால், நீலப் புகையோடு ஓட்டிக்கொண்டே தள்ளிப்போடுவது ஒரு பழுதை இரண்டாக்குகிறது. கறுப்புப் புகைக்கான தீர்வே பெரும்பாலும் மலிவானது. ஏர் ஃபில்டரில் தொடங்கி, நாசில் சோதனை, பம்ப் காலிபரேஷன் என்று போக வேண்டும். இழுவை வேண்டும் என்று பம்பைத் திறந்துவிட்ட வண்டிகளில், பழைய அளவுக்குத் திருப்புவதே பாதித் தீர்வு. வீணாகும் டீசலும் அப்போதே மிச்சமாகும்.

எழும் மறுப்புகள்

காரைக்கால் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது, அதன் தூசி பற்றி நாகூர் வரை மக்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்க ஒரு பழைய காரின் புகையைப் பேசுவது எதற்கு என்பது இங்கே எதிர்பார்க்கக்கூடிய மறுப்பு. மொத்த எடையில் அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் காரின் புகை தரைமட்டத்துக்கு அருகே, மக்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் வெளியேறுகிறது. பாரதியார் சாலையில் கடை வாசலில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கு, கடற்காற்று ஊரின் சராசரியைக் குறைப்பது முழு ஆறுதலாகாது. பெரிய மாசு இருப்பது சிறிய மாசுக்கு மன்னிப்பாகவும் முடியாது.

ஏழைக்குத்தான் பழைய கார், அவரை ஏன் வருத்த வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை அதிகம். அதனால்தான் வயதுத் தடையைவிட நிலைமைச் சோதனை நியாயமானதாகத் தோன்றுகிறது: ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும், சீராக வைத்த பெட்ரோல் கார் ஒன்றைக் கழிப்பதால் கிடைக்கும் ஆதாயம், நாளெல்லாம் ஓடும் ஒரு டீசல் வண்டியின் பம்பைச் சரிசெய்வதால் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். புதிய காரைத் தயாரிக்கும்போதே உண்டாகும் கரியமில வாயுவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் பழைய டீசலுக்கு இந்தச் சலுகையை அப்படியே நீட்டுவது கடினம். துகள் வடிகட்டி இல்லாமல் பிறந்த என்ஜினை எவ்வளவு சரிசெய்தாலும் பிறவி அளவுக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

மதிப்பீடும் மிச்சமுள்ள கேள்விகளும்

மூன்று முறைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்க நிறமும் நேரமும் தொடக்கம், கம்ப்ரஷன் கேஜ் முடிவு. சட்டத்துக்குப் புகைச் சான்று குறைந்தபட்சத் தகுதி. என்ஜின் ஆரோக்கியத்துக்கான உறுதிமொழியாக அதைக் கொள்ளக் கூடாது. சாலையில் இருக்கலாமா என்ற கேள்விக்கு வயதைவிட, எந்த ஸ்டேஜில் பிறந்த வண்டி, எவ்வளவு ஓடுகிறது, இப்போது என்ன வெளியிடுகிறது என்ற மூன்றும் பொருத்தமான அளவுகோல்கள். பெட்ரோல் காருக்குப் பெரும்பாலும் மராமத்தும், மூன்றாம் ஸ்டேஜுக்கு முந்தைய, அதிகம் ஓடும் டீசலுக்குப் படிப்படியான ஓய்வும் என்பதே இன்றைய சான்றுகள் தாங்கும் முடிவு.

தீராதவை சில உண்டு. பாரம் ஏற்றி உருளைமேல் ஓட்டிச் சோதிக்கும் வசதி சிறு ஊர்களுக்கு எந்த விலையில் வரும், மனிதக் கை படாத தானியங்கி மையங்கள் சோதனை மோசடியை ஒழிக்குமா, இடத்தை மட்டும் மாற்றுமா என்பது முதல் கேள்வி. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், கார்புரேட்டர் கார்களின் கலவையை மெலிதாக்கி மோனாக்சைடைக் குறைக்கக்கூடும். அதே நேரம் பழைய ரப்பர்க் குழாய்களையும் மிதவைகளையும் தின்னவும் கூடும். இதில் எது மிஞ்சும் என்பது நீண்ட ஓட்டத்தில்தான் தெரியும். மராமத்துச் செலவு வண்டியின் விலையைத் தாண்டும் கட்டத்தில் அதை யார் தாங்குவது என்பதற்கு உடைப்புக் கொள்கை பாதிப் பதிலைத்தான் தருகிறது: கழிப்பவருக்குச் சலுகை உண்டு, சரிசெய்பவருக்கு எதுவும் இல்லை. நாசிலும் வால்வு சீலும் மாற்றியதற்கான ரசீதைக் காட்டினால் புதுப்பிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழிப்பது போன்ற சிறு ஏற்பாடு, காரைக்கால் அளவிலான ஒரு பகுதியில் சோதித்துப் பார்க்கத் தக்கது. அது பலிக்குமா என்பதை அளந்த பிறகே சொல்ல முடியும்.